கடையில் சொல்லும் பதிலை எழுதி வைப்பது: சிறுதொழிலுக்கு உள்ளடக்க எழுத்து ஏன் வேண்டும்?

கல்லிடைக்குறிச்சியில் என் சித்தி வீட்டில் அப்பளம் போடுகிறார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு பகல் முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தால், வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள் என்பது தெரியும். உளுந்து அப்பளமா, அரிசி அப்பளமா? பிரண்டை சேர்த்ததா? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? பம்பாயில் இருக்கும் மகளுக்குப் பார்சல் அனுப்பினால் நொறுங்காமல் போய்ச் சேருமா? கல்யாணத்துக்கு ஐந்நூறு இலை என்றால் எத்தனை கட்டு வாங்க வேண்டும்? சித்தி ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் பதில் சொல்வார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் பலர் பையை நீட்டுகிறார்கள்.

அதே கேள்விகளைச் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஒருவர் இரவு பத்து மணிக்குத் தம் கைப்பேசியில் தட்டிப் பார்க்கிறார். அந்த நேரத்தில் சித்தியின் கடை பூட்டியிருக்கும். கடை திறந்திருந்தாலும் சித்தியின் குரல் அவ்வளவு தூரம் கேட்காது. சித்தி சொல்லும் பதில் எழுத்தாக இணையத்தில் இருந்தால் மட்டுமே அது அவரிடம் போய்ச் சேரும். வாங்க நினைப்பவருக்கு உண்மையாகவே பயன்படும் செய்திகளை, அவர் தேடும் இடத்தில், அவர் தேடும் சொற்களில் எழுதி வைப்பதைத்தான் உள்ளடக்க எழுத்து என்கிறோம். கன்டென்ட் என்று எல்லாரும் சொல்வது இதையே.

இதை விளம்பரத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விளம்பரம் என்பது காசு கொடுத்து இடம் வாங்கி நம்மைப் பற்றி நாமே சொல்வது. காசு நிற்கிற அன்றைக்கு அதுவும் நின்றுவிடும். உள்ளடக்கம் நம் சொந்த இடத்தில் நாமே எழுதி வைப்பது. ஒருமுறை எழுதினால் ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு: நாளிதழோ வானொலியோ ஒரு வாடிக்கையாளரோ நம்மைப் பற்றித் தாமாகச் சொல்வது. பப்ளிசிட்டி என்ற சொல்லின் சரியான பொருள் அதுதான். இந்த மூன்றில் சிறு வியாபாரி தொடங்க வேண்டியது இரண்டாவதில் என்பது என் உறுதியான கருத்து. சொல்வதற்கு நம்மிடம் எழுத்தாக ஒன்றும் இல்லாவிட்டால், விளம்பரத்தைப் பார்த்து வருகிறவருக்கும் காட்ட ஒன்றும் இருக்காது. செய்தி எழுத வருகிறவருக்கும் கொடுக்க ஒன்றும் இருக்காது.

முதன்முதலில் இதைச் சித்தியிடம் சொன்னபோது, "அப்பளத்தப் பத்தி எழுதுததுக்கு என்னய்யா இருக்கு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல், ஒரு குறிப்பேட்டைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்கிற சொல்லிலேயே ஒரு வாரம் குறித்து வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். வாரக் கடைசியில் நான்கு பக்கம் நிரம்பியிருந்தது. கேட்பவருடைய சொல்லிலேயே எழுத வேண்டும் என்பது முக்கியம். "சேமிப்புக் காலம்" என்று யாரும் கேட்பதில்லை; "அப்பளம் நமத்துப் போகாமல் இருக்க என்ன செய்யணும்" என்றுதான் கேட்கிறார்கள். இணையத்திலும் அப்படியேதான் தட்டுகிறார்கள்.

அந்தக் குறிப்பேட்டிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து எப்படி எழுதினோம் என்று காட்டுகிறேன். முதலில் சித்தியின் மகன், பிற கடைகளின் பக்கங்களைப் பார்த்து, "தரமான, சுவையான, பாரம்பரியமிக்க கல்லிடைக்குறிச்சி அப்பளம் எங்களிடம் கிடைக்கும்" என்று எழுதியிருந்தான். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வாக்கியத்தில் அப்பளம் என்பதை எடுத்துவிட்டு அல்வா என்றோ ஊறுகாய் என்றோ போட்டாலும் அப்படியே பொருந்தும். எந்தப் பொருளுக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தப் பொருளையும் விற்றுத் தராது. பிறகு, சித்தி வாடிக்கையாளரிடம் சொல்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினேன்: "கட்டைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நமத்துப் போனால், பொரிப்பதற்கு முன் அரை மணி நேரம் வெயிலில் காட்டினால் போதும். எண்ணெய் புகையும் வரை காயக் கூடாது. அப்படிக் காய்ந்தால் அப்பளம் விரிவதற்கு முன்பே சிவந்துவிடும்." இவ்வளவுதான். இதைப் படிக்கிற எவருக்கும், எழுதியவர் அப்பளம் போட்டுப் பொரித்துப் பழகியவர் என்று ஐயமில்லாமல் விளங்கும். அந்த நம்பிக்கைதான் விற்பனைக்கு முந்தைய படி.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வது நல்லது. கூகுள் போன்ற நிறுவனங்களின் தானியங்கி நிரல்கள் இணைப்பு இணைப்பாகத் தொடர்ந்து சென்று பக்கங்களைப் படிக்கின்றன. படித்தவற்றை ஒரு பெரிய அட்டவணையில், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல, சேர்த்து வைக்கின்றன. ஒருவர் எதையாவது தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை வரிசைப்படுத்திக் காட்டுகின்றன. ஆகவே நம் பக்கம் அவற்றால் படிக்க முடிந்ததாக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நம் ஊர் வியாபாரிகள் பலர் தம்மை அறியாமலேயே தவறுகிறார்கள்.

பத்தமடையில் பாய் விற்கும் ஒருவர் தம் பொருள்களைப் பற்றி அருமையாக எழுதி வைத்திருந்தார். கோரையை எப்படி ஆற்றுநீரில் ஊறவைத்து நுணுக்கமாகக் கீறுகிறார்கள், மணமக்கள் பெயரை எப்படிப் பாயிலேயே நெய்கிறார்கள், மிக நேர்த்தியான பாய் 100 முதல் 140 கவுண்ட் வரை (கவுண்ட் என்பது நெசவின் நெருக்கத்தைச் சொல்லும் அளவு) நெய்யப்படுகிறது என்றால் கையில் தொட்டுப் பார்க்கும்போது அது என்னவாகத் தெரியும் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் எவ்வளவு தேடியும் அந்தப் பக்கம் கிடைக்கவில்லை. காரணம், அதைத் தட்டச்சு செய்து தந்த கடையில் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த எழுத்துருவில் "அப்பளம்" என்று திரையில் தெரிவது, கணினிக்கு எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, எஸ், கே, அரைப்புள்ளி என்ற ஆங்கில விசைகளின் வரிசை மட்டுமே. மனிதக் கண்ணுக்குத் தமிழ். தேடுபொறிக்கு அது எந்த மொழியும் அல்ல. அதே கட்டுரையை, எல்லாக் கணினியும் தமிழ் என்றே அறியும் ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்றிப் போட்ட பிறகுதான் அது தேடலில் வரத் தொடங்கியது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. மாற்றிய பின் ஒருமுறை எழுத்துப்பிழை பார்த்துவிட வேண்டும். பிளக்ஸ் பேனரையோ நோட்டீசையோ படமாக எடுத்து ஏற்றிவிட்டு அதுவே போதும் என்று இருப்பதும் இதே வகைத் தவறுதான். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி படித்துவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. விலை, முகவரி, பொருளின் பெயர் ஆகியவை எழுத்தாகவும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தலைப்பு வைப்பதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம். "எங்கள் தயாரிப்புகள்" என்ற தலைப்பை யாரும் தேட மாட்டார்கள். "கல்லிடைக்குறிச்சி உளுந்து அப்பளம்: ஒரு கட்டில் எத்தனை, விலை என்ன, வெளியூருக்கு எப்படி அனுப்புகிறோம்" என்ற தலைப்பைத் தேடுவார்கள். ஊர்ப் பெயரைச் சுருக்கிக் "கல்லிடை" என்று எழுதுகிறவர்களும், ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டுகிறவர்களும் உண்டென்பதால், அந்த வடிவங்களும் பக்கத்தில் ஓரிடத்தில் இயல்பாக வந்துவிடுவது நல்லது. இயல்பாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே சொல்லைப் பத்தி தோறும் திணிப்பதைக் கூகுள் தன் விதிகளுக்கு மாறானதாகவே கருதுகிறது. படிக்கிறவருக்கும் அது எரிச்சலையே தரும்.

சொந்த இணையதளம் இல்லாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்யும் வணிகச் சுயவிவரத்துக்குக் கட்டணம் கிடையாது. கடை நம்முடையதுதான் என்று உறுதிப்படுத்திய பின், திறக்கும் நேரம், தொலைபேசி எண், படங்கள், கடையைப் பற்றி 750 எழுத்துகளுக்குள் ஒரு விவரிப்பு ஆகியவற்றைச் சேர்க்கலாம். அந்த விவரிப்பை, முன்பு சொன்ன "தரமான, சுவையான" என்ற வாக்கியத்தால் வீணாக்காமல், அதில் என்ன செய்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதை எழுத வேண்டும். அம்பாசமுத்திரம் சாலையில் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், ரயிலில் வந்தால் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதும் உள்ளடக்கம்தான். குற்றாலச் சீசனுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்த இடம் இருக்கிறதா என்று தேடுகிறவருக்கு அந்த ஒரு வரி போதும். திருவிழா நாள்களிலும் மழை நாள்களிலும் நேரம் மாறினால் அதையும் உடனே மாற்றிவிட வேண்டும். திறந்திருக்கும் என்று படித்துவிட்டுப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்தால், அவரிடம் நம் எழுத்து ஒரேயடியாக மதிப்பிழந்துவிடும்.

2018 தொடக்கத்தில் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் சிறு வியாபாரிக்கு நல்ல துணை. அதிலுள்ள பொருள் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் படம், விலை, நாலு வரி விவரம் எழுதலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை ஆயத்தமாக வைத்துக்கொண்டு ஒரே தட்டில் அனுப்பலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மொத்தமாக அனுப்பும் ஒலிபரப்புச் செய்தி, பொதுவாக நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கே போய்ச் சேரும். ஆகவே தெரிந்தவர்களோடு உறவைத் தொடர வாட்ஸ்அப் பொருத்தமானது. தெரியாதவர் நம்மைக் கண்டுபிடிக்கத் தேடலில் கிடைக்கும் எழுத்துதான் வேண்டும்.

எப்போது எழுதுவது என்பது பலரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. தேடலில் நம் பக்கத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை பலன் காட்டப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று கூகுளே வழிகாட்டியிருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கான சாமான் பட்டியல் ஆடியிலேயே வீடுகளில் எழுதப்பட்டுவிடும். அப்படியானால் "கல்யாணத்துக்கு அப்பளம் எவ்வளவு வாங்குவது? இலைக்கு இரண்டு என்று கணக்கிட்டால் எத்தனை கட்டு?" என்ற பக்கம் பங்குனியிலாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆனித் தேருக்குத் திருநெல்வேலிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்காக எழுதுவதை மாசியில் தொடங்க வேண்டும். விதைத்த மறுநாள் அறுக்கப் போவதில்லை என்பது தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் இணையம் என்றதும் மறுநாளே பலன் வேண்டும் என்று எதிர்பார்த்துவிடுகிறோம்.

அந்த எதிர்பார்ப்பைப் பிடித்துக்கொண்டு பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். சித்தி வீட்டிலும் அது நடந்தது. கூகுளில் முதலிடம் வாங்கித் தருவதாக ஒரு நிறுவனத்தார் உறுதி சொல்லி, ஆறு மாதம் மாதந்தோறும் பணம் வாங்கினார்கள். அவர்கள் எழுதித் தந்த கட்டுரைகளை நான் படித்துப் பார்த்தேன். "அப்பளம் என்பது அனைவரும் விரும்பும் சிறந்த உணவு" என்று தொடங்கி, ஒரே செய்தியை வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். பிரண்டை என்ற சொல்லே எங்கும் இல்லை. மழை வெயில் பார்த்து, கை வலிக்க அப்பளம் தேய்த்துச் சேர்த்த பணம் அது என்பதால், இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. முதலிடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. ஆகவே அப்படி உறுதி சொல்கிறவரிடம் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். எழுத ஆள் வைப்பதில் தவறில்லை. ஆனால் எழுத வருகிறவர் முதலில் கடைக்கு வந்து ஒரு பகல் உட்கார்ந்திருக்க வேண்டும். மாவு பிசைவதைப் பார்க்க வேண்டும். கேள்விகளைக் காதால் கேட்க வேண்டும். அதற்கு இணங்காதவர் எழுதித் தருவது நம் கடையைப் பற்றியதாக இருக்காது.

செய்தியாக வெளிவருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளிதழ்களின் நெல்லைப் பதிப்புகளுக்கும் திருநெல்வேலி வானொலிக்கும் உள்ளூர்ச் செய்தி தேவைதான். ஆனால் கடையில் தள்ளுபடி என்பது செய்தி ஆகாது, அதற்கு விளம்பரப் பிரிவு இருக்கிறது. கோரை கிடைக்காமல் நெசவு நின்றுபோன ஒரு தெருவில் மீண்டும் தறி ஓடத் தொடங்கியது செய்தி. பத்துப் பெண்கள் புதிதாகப் பாய் நெய்யப் பயிற்சி பெற்றது செய்தி. ஒரு பக்கத்துக்கு மிகாமல், யார், என்ன, எங்கே, எப்போது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லி, ஒரு தெளிவான படத்தையும் அதிலிருப்பவர் யாரென்ற குறிப்பையும் தொடர்பு எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். "உலகப் புகழ்பெற்ற" என்பது போன்ற அடைமொழிகளைத் தொடக்கத்திலேயே நீக்கிவிடுவது நல்லது. செய்தி ஆசிரியர் எப்படியும் அவற்றை அடித்துவிடுவார். வெளிவந்த செய்தியை நம் பக்கத்தில் தேதியோடு குறித்து வைத்தால், புதிதாக வருகிறவருக்கு அது ஒரு சான்றாக அமையும்.

வாடிக்கையாளர் எழுதும் மதிப்புரையும் இந்த வகையில்தான் சேரும். எழுதச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் நல்லதாக எழுதினால் ஒரு கட்டு இலவசம் என்று சொல்வது கூகுளின் விதிக்கு எதிரானது. குறை சொல்லி எழுதியவருக்கு எழுதும் பதிலை அவர் ஒருவருக்கான பதில் என்று நினைக்காமல், இனி வரப்போகும் நூறு பேர் படிக்கப்போவது என்று நினைத்து எழுத வேண்டும். "பார்சலில் பாதி நொறுங்கியிருந்தது" என்று ஒருவர் எழுதினால், வாக்குவாதம் செய்யாமல், வருத்தம் தெரிவித்து, மாற்று அனுப்புவதாகச் சொல்லி, இனி கட்டை எப்படிப் பொதிந்து அனுப்பப் போகிறோம் என்று எழுதலாம். அந்தப் பதில், பொதியும் முறையைப் பற்றித் தனியாக எழுதும் ஒரு கட்டுரைக்குச் சமம்.

எழுதக் கூடாதவை எவை என்பதில் சிறிதும் அசட்டை கூடாது. பிரண்டை அப்பளம் விற்கும் பலருக்கு, அது மூட்டுவலியைத் தீர்க்கும் என்று எழுத ஆசை வரும். பிரண்டையின் பெருமையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் உணவுப் பொருள் ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரப்படுத்துவதை உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். பிரண்டை சேர்த்திருக்கிறோம் என்று எழுதுவது செய்தி. வலி போகும் என்று எழுதுவது குற்றத்துக்கு வழி. ஒரு பொருளுக்கு அது உருவாகும் ஊரை வைத்துத் தரப்படும் சட்ட அடையாளமான புவிசார் குறியீடும் அப்படித்தான். பத்தமடைப் பாய்க்கும், 2020இல் அதைப் பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கும் அந்தக் குறியீடு உண்டு என்பதற்காக, வேறு ஊரில் நெய்த பாயையோ வேறு ஊரில் காய்ச்சிய மிட்டாயையோ அந்தப் பெயரில் எழுதி விற்கக் கூடாது. உணவு விற்பவர்கள் பொட்டலத்தில் அச்சிடும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (FSSAI) எண்ணை இணையப் பக்கத்திலும் போட்டு வைக்கலாம்; முகம் தெரியாத கடையிடம் வாங்கத் தயங்குகிறவருக்கு அந்த எண் ஒரு பிடிமானம்.

எழுதியது பலன் தருகிறதா என்று அறிய, தொடக்கத்தில் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆர்டர் எழுதும் நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு, "எங்களை எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டாலே போதும். சித்தியின் நோட்டில் முதல் சில மாதங்கள் அந்தக் கட்டத்தில் "சொந்தக்காரர் சொன்னார்", "பஸ்ஸில் போகும்போது பார்த்தது" என்பவையே வந்தன. ஐந்தாம் மாதத்தில் பம்பாயிலிருந்து ஒரு பெண் அழைத்து, மழைக்காலத்தில் அப்பளத்தை வெயிலில் காட்டச் சொல்லி எழுதியிருந்தீர்களே, இங்கே ஒரு வாரமாக வெயிலே இல்லை, என்ன செய்வது என்று கேட்டார். வெறும் வாணலியை இளஞ்சூட்டில் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, அதில் சிறிது நேரம் பரப்பி வைக்கலாம் என்று சித்தி சொன்னார். அந்தப் பெண் நான்கு கட்டு கேட்டார். அன்று சாயங்காலம் அந்தப் பதிலையும் நாங்கள் பக்கத்தில் சேர்த்து எழுதினோம்.